பள்ளிவாசலில் முடிந்த பேச்சு

றபீக்காவுக்குக் கோபம் வந்தால் வீட்டில் சட்டி பானை உருளாது. அவள் சட்டை மினுக்குவாள். அந்த வெள்ளிக்கிழமை காலையில், புருசன் கலந்தர் ஜும்ஆத் தொழுகைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையின் மேல் ஸ்திரிக்கைப்பெட்டி ஓடிய ஓட்டத்தில் துணி தப்பியதே பெரிய காரியம்.

கோபம் யார் மேல் என்றுதான் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. புருசன் மேலா, வாப்பா மேலா, மீராமுகைதீன் ஹாஜியார் மேலா?

முன் கதையை மறந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. கிட்டங்கி வீதியில் ஹாஜியாருக்கு ஒரு நெல் ஆலை இருக்கிறது. றபீக்காவின் வாப்பா ஸைனுலாப்தீன்தான் அங்கே மேனேஜர். அவளுடைய புருசன் கலந்தர் அதே ஆலையில் நெல் அவிக்கிற பொயிலருக்குப் பொறுப்பு. இந்தப் போகம் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. நெல் வரத்துப் பாதியாகிவிட்டது. டீசல் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. ஹாஜியார் யோசித்து ஒரு புதுச் சட்டம் போட்டார். இனி யாருக்கும் நிலையான வேலை கிடையாது. நெல் லொறி வந்தால் ஆலைச் சங்கு ஊதும். சங்கு கேட்டு ஓடி வருகிறவர்களுக்கு அன்றைக்கு வேலை உண்டு. வராதவர்களுக்கு இல்லை.

கேட்க நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் சங்கு எந்த நாள் ஊதும் என்று தெரியாதவன் வேறு வேலைக்கும் போக முடியாது. காதைத் தீட்டிக்கொண்டு வீட்டில் கிடக்க வேண்டும். கிடக்கிற நாளுக்கு ஹாஜியார் சம்பளம் கொடுப்பாரா? நோன்பு திறக்கிற நேரத்தில் அவர் ஒரு பேரீச்சம்பழம் கொடுத்தாலே ஊர் ஒரு வாரம் பேசும்.

வேலைக்காரர்கள் கேட்டது வேறு. இருக்கிற வேலையை முறை போட்டு எல்லாருக்கும் பிரியுங்கள். யாருக்கு எந்த நாள் என்பதை முன்னமே சொல்லுங்கள். மற்ற நாளில் நாங்கள் வயலுக்கோ கடலுக்கோ போய்ப் பிழைத்துக்கொள்கிறோம். இதைக் கேட்கக் கலந்தரை முன்னால் விட்டார்கள். ஹாஜியார் காதில் வாங்கவில்லை. கொழும்பில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் வேலையில்லாமல் தெருவில் நின்ற வருஷம் அது. ஆலை ஆண்கள் அந்தச் சொல்லையே வாயில் எடுப்பதில்லை.

ஹாஜியாரை அசைத்தது பெண்கள்தான். அவித்த நெல்லைச் சீமெந்துக் களத்தில் பரப்பிக் காயவைக்கிற களத்துப் பெண்கள், பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து வேலைக்கு வருகிற பூமணியின் பின்னால் வந்து ஆலை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். லொறி உள்ளே போக முடியவில்லை. அதற்குப் பிறகுதான் ஹாஜியார், “சரி, கதைப்பம்” என்றார். “ஆனா ஆலையிலயும் இல்ல, அரசாங்கத்துத் தொழில் கந்தோரிலயும் இல்ல. ஜும்ஆ முடியப் பள்ளியில வெச்சுக் கதைப்பம்.”

அந்த ஜும்ஆ இன்றைக்கு.

“மகள், மருமகன் எங்க?”

ஸைனுலாப்தீன் பின்வளவால் வந்து நின்றார். பெரிய வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, பின்னால் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு இருப்பவர் அவர்.

“குளிக்கார் வாப்பா.”

“அவருக்கு ஒண்டு சொல்லி வை. ஹாஜியார் இண்டைக்கு இறங்கித்தான் வாறார். குடுக்கிறத வாங்கிட்டுப் பேசாம வரச் சொல்லு. கூடக் கேட்டா இருக்கிறதும் போயிரும்.”

“அத நீங்களே சொல்லலாமே. கிணத்தடியிலதானே நிக்கார்.”

“மருமகனோட நான் ஆலைக் கதை கதைக்கிறல்ல.”

அது உண்மை. மாமனும் மருமகனும் ஒரு மாதமாகக் கடல் மீன் வருகிறதா, மழை வருமா என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. மழையைப் பற்றி இரண்டு பேரும் அவ்வளவு அக்கறையாகப் பேசியதை றபீக்கா அதற்கு முன் கண்டதில்லை.

“ஹாஜியார் என்ன குடுக்கப் போறார் வாப்பா?”

ஸைனுலாப்தீன் தொப்பியைக் கழற்றி, இல்லாத தூசியைத் தட்டினார்.

“களத்துப் பொண்டுகளுக்கும் சேத்துத்தானே?”

“நீ சட்டையக் கருக்காமப் பாரு” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

---

தொழுகை முடிந்து சனம் கலைந்தது. வேலைக்காரர்கள் மட்டும் பள்ளிவாசலின் வெளி மண்டபத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஹாஜியார் ஆலைக்கு மட்டுமல்ல, பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் பெரியவர். அவர் ஆலையில் போடுகிற சத்தம் பள்ளிக்குள் வராது. இங்கே அவருக்கு வேறு குரல்.

“அல்லாட பள்ளியில இருந்து கதைக்கிறம். கோவம் தாவம் வேணாம். நீங்க கேட்டத நான் யோசிச்சன். பொயிலர், மெசின், மூட்டை, இந்த வேலைக்காரருக்கெல்லாம் முறை தாறன். பாதிப்பேர் ஒரு கிழமை, மத்தப் பாதி மறு கிழமை. ஆருக்கு எந்த நாளெண்டு ஒவ்வொரு வெள்ளியும் சொல்லப்படும். சரியா?”

கலந்தருக்கு நம்ப முடியவில்லை. இவ்வளவு லேசாக வந்துவிட்டதா?

மூட்டை சுமக்கும் பக்கீர் முகைதீன் கையை உயர்த்தினார். “ஹாஜியார், ஒரு சந்தேகம். ஆள் குறைய வைச்சுப்போட்டு, பொயிலர்காரரக் கொண்டு மூட்டை தூக்க வைச்சா எங்கட முறை என்னாகும்?”

“வைக்க மாட்டன். ஒருத்தன்ட வேலைய மத்தவனுக்குக் குடுக்க மாட்டன். அவனவன்ட வேலைய அவனவன் செய்யட்டும். போதுமா?”

எல்லார் முகமும் மலர்ந்தது. சிலர் எழும்பவே வெளிக்கிட்டார்கள்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றான் கலந்தர். “சந்தோசம் ஹாஜியார். இனிக் களத்து…”

“எல்லாரும் ஸலவாத்துச் சொல்லுங்க!”

குரல் பின்னாலிருந்து வந்தது. ஸைனுலாப்தீனின் குரல்.

நபியின் பேரில் ஸலவாத்து என்கிற வாழ்த்தைச் சொல்லச் சொன்னால் சொல்லாமல் இருக்கிற வாய் எங்கள் ஊரில் இல்லை. தூக்கத்தில் இருக்கிறவனும் சொல்வான். கல்யாணப் பேச்சோ காணிப் பேச்சோ, ஸலவாத்தோடு முடிந்தால் முடிந்ததுதான். பிறகு அதைக் கிளறுகிறவனுக்கு ஊரில் முகமில்லை.

மண்டபம் முழுக்க ஒரே குரலாகச் சொன்னது. கலந்தரின் வாயும் சொன்னது. சொல்லி முடித்துக் கையை முகத்தில் தடவும்போதுதான், தான் கேட்க வந்த பாதி கேட்கப்படாமலே போய்விட்டது என்பது அவனுக்கு விளங்கியது.

அவன் திரும்பி மாமாவைப் பார்த்தான். மாமா குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

---

“என்னாச்சி மச்சான்?” றபீக்கா வாசலிலேயே புருசனைக் கேட்டாள்.

“முறை தந்திட்டார்.”

“களத்துப் பொண்டுகளுக்கு?”

கலந்தர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். றபீக்கா போட்ட சோற்றைப் பிசைந்தான், தின்னவில்லை. அவளுக்கு அதுவே போதும், மிச்சம் விளங்கிவிட்டது.

பகல் வெயில் சாயும் நேரம் பூமணி வேலிக் கடப்படியில் வந்து நின்றாள். பெரிய குரல்காரி. களத்தின் அந்தக் கடைசித் தொங்கலில் நின்று கூப்பிட்டால் பொயிலருக்குக் கேட்கும். இன்றைக்கு மெதுவாகக் கூப்பிட்டாள். அதுதான் றபீக்காவைப் பயமுறுத்தியது.

“தம்பி, ஆம்பிளயளுக்கு முறையாம் எண்டு தெருவெல்லாம் கதை. எங்கட கதை என்னாச்சி?”

“உங்களுக்குச் சங்குதான் அக்கா.”

பூமணி கடப்பைத் தாண்டி முற்றத்துக்குள் வந்தாள்.

“லொறிக்கு முன்னுக்கு இருந்தது நாங்க. வெயில்ல காய்ஞ்சது நாங்க. முறை மட்டும் உங்களுக்கா?”

“நான் கேக்க வாயெடுத்தன் அக்கா. அல்லாவுக்காக நம்புங்க. கேக்க முதல் ஸலவாத்துக்குச் சொல்லிட்டாங்க. நானும் சொல்லிட்டன். அதோட பேச்சு முடிஞ்சிட்டு.”

“அதென்ன, கையொப்பம் வெச்ச மாதிரியா?”

“அதுக்கும் மேல. என்ன ஏசுங்க, அடியுங்க. பள்ளிக்குள்ள இருந்து நபிட பேரில முடிச்சத நான் முறிக்க மாட்டன்.”

கலந்தரின் கண் கலங்கியிருந்தது. றபீக்காவுக்குப் புருசனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பூமணியைப் பார்க்க வெட்கமாக இருந்தது. காலையில் வாப்பா நழுவியதை நினைத்ததும், ஸலவாத்துக்குச் சொன்னது யார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. தன் வாப்பாவின் குரலால் வந்த வெட்கம் அது. அதை எங்கே கொண்டு போய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“முறிக்கச் சொல்லி ஆர் கேட்ட?” என்றாள் பூமணி. “உங்கட சாமி காரியத்துல நான் கை வைப்பனா? நான் ஒண்டுதான் கேக்கன். அந்த இடத்துல நாங்க இருந்தமா?”

“இல்ல.”

“எங்கட பேராவது வந்ததா?”

“வர முதல்தானே…”

“அப்ப எங்களுக்கு என்ன முடிஞ்ச? உங்கட பேச்சு முடிஞ்சிட்டு. எங்கட பேச்சு இன்னும் தொடங்கவே இல்ல.”

கலந்தர் நிமிர்ந்து பார்த்தான். றபீக்காதான் முதலில் வாய் திறந்தாள்.

“அக்கா மட்டுமில்ல மச்சான். களத்துல நிக்கிற கைருன்னிஸா மாமி, சரீபா, நம்மட பொண்டுகள் ஒருத்தியும் பள்ளிக்குள்ள இருக்கல்ல. அவங்க ஆரும் ஸலவாத்துச் சொல்லல்ல. அந்தப் பேச்சு அவங்களக் கட்டாது.”

“நீ இதுக்குள்ள வராத புள்ள. மாமா அங்க மேனேஜர்.”

“அவர் மேனேஜர்தான். அதுக்காக என்ட வாயுமா அவருட?”

பூமணி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். “நாளைக்குச் சங்கு ஊதினா நாங்க வருவம்” என்றாள். “வாசல் வரைக்கும்தான்.”

---

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு றபீக்கா பின்வளவுக்குப் போனாள். ஸைனுலாப்தீன் கதிரையில் இருந்தார்.

“வாப்பா, அவர் களத்தக் கேக்க வெளிக்கிடக்குள்ள நீங்கதானே ஸலவாத்துக்குச் சொன்ன?”

“ஓம். நான்தான்.”

ஒளிக்காமல் சொன்னது அவளை இன்னும் நோகச் செய்தது.

“ஏன் வாப்பா?”

“ஹாஜியார் காலையிலயே எனக்குச் சொன்னார். களத்துக்கும் முறை கேட்டா ஆலையப் பூட்டிருவன் எண்டு. உன்ட மாப்பிள்ளை கேப்பார். கேக்காம வர மாட்டார், எனக்குத் தெரியும். கேட்டிருந்தா இண்டைக்கு ஒருத்தருக்கும் வேலை இல்ல. நான் என்ட மகள்ட அடுப்பப் பாத்தன்.”

“எத்தினை பேர்ட அடுப்ப அணைச்சி என்ட அடுப்ப எரிக்கிற?”

றபீக்கா அதற்கு மேல் நிற்கவில்லை. குசினிக்குள் போய் அடுப்படிச் சுவரோடு சாய்ந்துகொண்டு அழுதாள். வாப்பா தனக்காகத்தான் செய்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வேறு யாருக்காகவாவது செய்திருந்தால் நன்றாக ஏசிவிட்டு வந்திருக்கலாம்.

---

சனிக்கிழமை சூரியன் வெளிக்கிடும்போது களத்து வேலைக்குச் சங்கு ஊதியது.

தொட்டியில் ஊறிக்கிடந்த நெல்லைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகே கலந்தர் அவிக்கத் தொடங்கியிருந்தான். இந்த வாரம் அவனுடைய முறை. அவிந்த நெல் ஆவி பறக்கக் களத்தில் கொட்டிக் கிடந்தது. அதை உடனே பரப்ப வேண்டும். குவியலாகவே கிடந்தால் புளித்து நாறும், அரிசி கறுத்துப் போகும். பிறகு மாட்டுக்குத்தான் போட வேண்டும்.

றபீக்கா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஆலைப் பக்கம் போனதில்லை, போக வேண்டிய தேவையும் இருந்ததில்லை.

வாசல் அகலத் திறந்து கிடந்தது. களத்துப் பெண்கள் எல்லாரும் தெருவில் நின்றார்கள். ஒருத்தியும் உள்ளே கால் வைக்கவில்லை. றபீக்கா போய்க் கைருன்னிஸா மாமிக்குப் பக்கத்தில் நின்றாள். மாமி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நகர்ந்து இடம் விட்டாள்.

சங்கு இன்னொரு தரம் ஊதியது. அதன் பிறகு ஹாஜியாரே வெளியே வந்தார்.

“என்ன பாத்திட்டு நிக்கிற? வாறவளுக்கு வேலை. வராதவள் ஊட்டுக்குப் போ.”

யாரும் வரவில்லை. யாரும் வீட்டுக்குப் போகவும் இல்லை. அவர் பள்ளிவாசல் குரலை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். திரும்பிப் பொயிலரைப் பார்த்துக் கத்தினார்.

“கலந்தர்! ஆக்களக் கூட்டிக்கு இறங்கி நெல்லப் பரவு!”

கலந்தர் பொயிலர்த் தட்டில் நின்றான். முகமெல்லாம் கரி. மரியாதையாகத்தான் பேசினான்.

“ஏலாது ஹாஜியார். பள்ளியில முடிச்ச பேச்சுல எனக்குப் பொயிலர் வேலை. ஒருத்தன்ட வேலைய மத்தவனுக்குக் குடுக்க மாட்டனெண்டு நீங்கதானே சொன்ன. அதுக்கு நான் ஸலவாத்தும் சொல்லிட்டன். இனி அத முறிக்கப்படாது.”

பக்கீர் முகைதீன் தோளில் இருந்த மூட்டையை இறக்கி வைத்தார். “எனக்கும் அப்பிடித்தான் ஹாஜியார். எனக்கு மூட்டை.”

ஹாஜியார் வாசலையும் பொயிலரையும் மாறி மாறிப் பார்த்தார். தான் போட்ட கட்டுத் தன் காலில்தான் மாட்டியிருக்கிறது என்று தெரிந்தால் எவரும் அப்படித்தான் பார்ப்பார். நெல் குவியலிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அவர் கண் றபீக்காவில் விழுந்தது.

“ஸைனுலாப்தீன்! அது உன்ட மகள்தானே? முதல்ல அவள இஞ்சருந்து அனுப்பு!”

ஸைனுலாப்தீன் ஆலைக் கந்தோரிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். றபீக்கா கைருன்னிஸா மாமியோடு ஒட்டி நின்றாள். நாலு பேருக்கு முன்னால் வாப்பா கையைப் பிடித்து இழுத்தால் என்ன செய்வது என்று நினைத்தாள்.

அவர் மகளைத் தாண்டிப் போய்ப் பூமணிக்கு முன்னால் நின்றார்.

“ஒங்களுக்கு என்ன வேணும்?”

இவ்வளவு நாளும் அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்கவில்லை. பூமணி ஒரு கணம் தடுமாறித்தான் போனாள்.

“நாள் வேணும் மேனேஜர். கூட வேலை கேக்கல்ல, பாதி வேலையெண்டாலும் பறுவாயில்ல. எந்த நாளெண்டு தெரிஞ்சாப் போதும். மத்த நாள் வயலுக்குப் போவம், பாய் இழைப்பம். சங்கு ஊதுமா ஊதாதா எண்டு புள்ளயளப் பட்டினி போட்டுக்குக் காத்திருக்க ஏலாது.”

ஸைனுலாப்தீன் திரும்பி நடந்தார். ஹாஜியாரின் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். ஹாஜியார் கையை வீசினார், தலையை ஆட்டினார், வானத்தைப் பார்த்தார். சூரியன் தென்னை வட்டுக்கு மேல் வந்துவிட்டது. அவர் குனிந்து குவியலுக்குள் கையை விட்டு, ஒரு பிடி நெல்லை எடுத்து மோந்து பார்த்தார்.

“சரி!” என்று கத்தினார். “முறை. ஆம்பிளைகள் மாதிரியே. உள்ள வாங்க!”

“ஆராருக்கு எந்தக் கிழமை?” என்றாள் பூமணி. இப்போது அவளுடைய பழைய குரல் வந்திருந்தது. “இஞ்சயே சொல்லுங்க. எல்லாரும் கேக்க.”

ஹாஜியார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். இந்த வாரத்துக்குரியவர்கள் உள்ளே ஓடினார்கள். குவியல் உடைந்து, களம் முழுக்க நெல் விரிந்தது. மறு வாரத்துக்குரியவர்கள் சிரித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள். சரீபா போகிற போக்கில் றபீக்காவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

றபீக்காவுக்குச் சந்தோசத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அந்த நேரம் ஸைனுலாப்தீன் வாசலால் வெளியே வந்தார். குடையைக் கையில் வைத்திருந்தார்.

“எங்க போறீங்க வாப்பா?”

“ஊட்டுக்கு.”

“இப்பவா? வேலை நடக்குதே.”

“சாவியக் குடுத்திட்டன் மகள்.”

அவளுக்கு விளங்கவில்லை. அவர் சிரிக்கப் பார்த்தார்.

“நேத்து நான் வாயத் திறந்தது பிழை, அந்தப் பொண்டுகள் கேக்கிறதக் குடுங்க எண்டு ஹாஜியாருக்குச் சொன்னன். குடுக்கன் எண்டார். ஆனா மகளையே அடக்க ஏலாதவன் ஆலைய எப்பிடி அடக்குவான் எண்டு கேட்டார். அதோட என்ட மேனேஜர் வேலை முடிஞ்சிட்டு.”

“வாப்பா…”

“சத்தம் போடாத. மருமகனுக்கு இப்ப தெரியப்படாது. தெரிஞ்சா இந்த நிமிசமே பொயிலர விட்டு இறங்கிருவார். அவர் இறங்கினா மத்தவங்களும் இறங்குவாங்க. ஹாஜியாருக்கு அதுதான் வேணும். பூட்டிருவார். அவளுகள்ட முறையும் போயிரும்.”

“எத்தினை நாளைக்கு ஒளிக்கிற வாப்பா?”

அவர் குடையை விரித்தார். “ஏலுமான வரைக்கும்” என்று சொல்லிவிட்டு, கிட்டங்கி வீதியில் இறங்கி நடந்தார்.

“றபீக்கா!”

பொயிலர்த் தட்டில் நின்று கலந்தர் தோள் துண்டைச் சுழற்றிக் காட்டினான். கரி படிந்த முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் சிரிப்பதை அவள் இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

“மாமாட்டச் சொல்லு! பகலைக்கு நான் அவரோடதான் சோறு தின்னுவன் எண்டு!”

றபீக்கா கையை உயர்த்தினாள். அவளும் சிரித்தாள், சிரிக்கத்தான் வேண்டியிருந்தது.